வால்கொழுப்பு

லிபெர்த்தா வீதியில் அந்த வீட்டுக் கதவைத் திறந்ததும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, ஓங்காளம். ஆட்டுக்கொழுப்பு உருகி, ஆறி, பழசாகி, மறுபடியும் உருகிய நாற்றம். 1996 தை மாதம், காலை ஒன்பது மணி. வெளியே நல்ல வெயில். உள்ளே யன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன.

வேலை பிடித்துத் தந்தவள் அகஸ்ரீனா, மொரீஷியஸ்காரி. கிழவர் மிருக வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர், படுக்கையில் கிடக்கிறார், ஒரு மாதத்தில் மூன்று பேர் ஓடிவிட்டார்கள், ஆனால் கையெழுத்துப் போடுவார் என்றாள். அந்தக் கையெழுத்துத்தான் எனக்கு வேண்டியிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் வந்த சட்டப்படி வேலை கொடுப்பவர் கையெழுத்திட்டால் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்குகிற அனுமதி, கிடைக்கும். பெர்மெஸ்ஸோ கிடைத்தால், ஊரில், வெள்ளவத்தையில் அக்காவோடு விட்டுவந்த என் ஆறு வயது மகள் துஷாந்தியைக் கூப்பிடலாம். பிள்ளை இருக்கிறதென்று மட்டும் வாய் திறக்காதே என்று படியில் வைத்தே அகஸ்ரீனா எச்சரித்தாள். பிள்ளைக்காரியை இந்த ஊரில் வீட்டோடு வைத்துக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் எல்லாரும் சொல்கிற பொய்தான் அது.

பிள்ளை உண்டா என்பதைத்தான் கிழவரும் முதலில் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். கலியாணமே ஆகவில்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பிள்ளையின் செலவு தலையில் விழாதென்று பார்க்கிறார், சரியான கஞ்சன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தலைமாட்டுச் சுவரைக் காட்டினார். ஒரு சாண் உயரமுள்ள கம்பளிப் பொம்மை ஒன்று தொங்கியது. கண்ணுக்கு இரண்டு மணிகள், வாய்க்கு ஒரு கிழிசல். வாயைச் சுற்றி மஞ்சளாகக் கொழுப்பு காய்ந்து, வெடித்து, அதில் ஆட்டுமயிரும் ஒட்டியிருந்தது.

மொங்கோலியாவில் இரண்டு வருடம் இடையர்களோடு கூடாரங்களில் இருந்தாராம். புறப்பட்ட அன்று ஒரு குடும்பம் இதைக் கொடுத்ததாம். ஒங்கொன் என்று பெயர். முன்னோரின் ஆவி அதில் குடியிருக்கும். சாப்பாட்டு வேளையில் வீட்டுப் பெண் செம்மறியின் வால்கொழுப்பை வெறும் விரலால் அதன் வாயில் தடவவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். படைத்துவிட்டு உண்பது எங்களுக்கும் புதிதில்லை. ஆனால் நாங்கள் வைரவருக்கு வடைமாலை சாத்துகிற சனம். வடை மணக்கும், நாறாது.

திங்கள் முதல் வியாழன் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊட்டினேன். விரல் உள்ளே போகும்போதெல்லாம் அந்தக் கிழிசல் ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது. என் சோற்றிலும் அந்த நாற்றம் ஏறிவிட்டது. சனிக்கிழமை கையெழுத்துப் போடுவதாகக் கிழவர் சொல்லியிருந்தார். கட்டிலருகே படிவங்கள் தயாராக இருந்தன. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பொறுத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் மற்ற நாளில் மச்சம் சமைப்போம், வெள்ளியில் முட்டைகூடத் தொடமாட்டோம். தலைமுழுகி, திருநீறு பூசிக்கொண்டு, அந்தக் கொழுப்பை எப்படித் தொடுவது? மத்தியானம் கொழுப்புக்குப் பதிலாகப் பஞ்சில் நல்லெண்ணெய் தோய்த்தெடுத்தேன். தடவுமுன் வாயையாவது துப்புரவாக்குவோம் என்று சுடுநீர்த் துணியால் தேய்த்தேன். பொருக்குத் துண்டு துண்டாக உதிர்ந்தது.

அடியில் கம்பளி இல்லை.

உதடு.

சிவந்த, உயிருள்ள உதடு.

எண்ணெயை அவசரமாக அப்பிவிட்டுக் குசினிக்கு ஓடினேன். ஊரே கதவடைத்துத் தூங்குகிற பின்மத்தியானம். அறைக்குள்ளிருந்து நக்குகிற சத்தம் கேட்டது. முதலில் மெல்ல. பிறகு அவசரமாக. பிறகு காறித் துப்புகிற சத்தம்.

என்ன கொடுத்தாய் என்று கிழவர் கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“பரவாயில்லை. பசித்தால் அது ஊட்டுகிறவளின் பிள்ளையிடம்தான் எடுத்துக்கொள்ளும். உனக்குத்தான் பிள்ளை இல்லையே. அந்தக் கூடாரத்தில் முதலில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள்.”

படிவங்கள் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் கிடந்தன. உண்மையைச் சொன்னால் அவை போய்விடும். நான் வாயை மூடிக்கொண்டேன். தாய் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன தகுதி.

நான்கு மணிக்கு வியா மக்வேதாவிலுள்ள தொலைபேசிக் கடைக்கு ஓடினேன். அக்கா சிவமலர் அழுதுகொண்டே எடுத்தாள்.

“பின்னேரத்திலையிருந்து பிள்ளை ஒண்டும் தின்னேல்லை. கன்னம் ரெண்டும் உள்ளுக்கை போட்டுது. டொக்டருக்கும் விளங்கேல்லை.” பிறகு, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல் மெல்லச் சொன்னாள். “பிள்ளையிலை ஆட்டுக்கொழுப்பு மணக்குதடி.”

திரும்பி வந்து கொழுப்புத் தகரத்தைத் திறந்தேன். வெள்ளியாவது விரதமாவது. வெறும் விரலால் அள்ளி ஊட்டினேன். அது விரலைப் பிடித்துச் சப்பியது. தொட்டியில் போய் வாந்தி எடுத்தேன், வந்து மறுபடியும் ஊட்டினேன். தகரம் பாதியானது. கிழவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஏன் அழுகிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

“எத்தனை பிள்ளைகள்?” என்றார்.

ஒன்று என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். காலையில் என்னைப் பார்க்காமலே படிவங்களில் கையெழுத்துப் போட்டார். இனி ஒருநாளும் நிறுத்தாதே என்று மட்டும் சொன்னார்.

கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, அன்றைய பங்கை ஊட்டிவிட்டு, படிவத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனேன். அக்காவின் குரலில் சிரிப்பு இருந்தது. நேற்று இரவே பிள்ளை தெளிந்துவிட்டாளாம், கன்னம் உப்பிவிட்டதாம், சற்று முன்புகூட நித்திரையில் உதட்டை நக்கி நக்கிச் சிரித்தாளாம். போனை அவளிடம் கொடுத்தாள்.

அம்மாவுக்குப் பேப்பர் கிடைச்சிட்டுது, கெதியாக் கூப்பிடுறன் என்றேன். மறுமுனையில் ஈரமான சத்தம் ஒன்றுதான் கேட்டது. பிறகு என் மகள் பேசினாள்.

“அம்மா, உங்கட விரலிலை சவுக்காரம் கைக்குது. நாளைக்குக் கழுவாமல் தாங்கோ.”