அடித்தொட்டி

துணிப் பையைக் கழற்றி அலசும்போதுதான் ஐரின் அந்த முடியைப் பார்த்தாள். மீன் தொட்டியின் அழுக்கு தங்குவதற்காக மாட்டியிருந்த வெள்ளைப் பை. பழுப்புக் கசடும் ஊறிப்போன தீனித் துணுக்குகளும்தான் அதில் இருக்க வேண்டும். அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு முடி சுருண்டு கிடந்தது. நுனியைப் பிடித்து இழுத்தாள். கை நீளத்துக்கு வந்தது. அதற்கு மேலும் வந்தது.

குழாயடியில் நின்றபடியே மறு கையால் தன் தலையைத் தடவிக்கொண்டாள். புருஷன் ரொனால்டு விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தபோது, அவன் எழுந்து நடந்தால் மொட்டை போடுவதாக வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். போன மாதம்தான் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். உள்ளங்கையில் கரகரவென்று குத்தியது. இந்த வீட்டில் வேறு பெண் கிடையாது.

திண்டுக்கல்லில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருப்பவன் ரொனால்டு. கடல் இருக்கும் திசைகூட அந்த ஊரில் பல பேருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவன் கேட்ட முதல் பொருள் கடல் மீன் தொட்டி. உப்புப் பொடியைக் கரைத்தால் போதும் என்று எல்லோரும் சொல்லியும் கேளாமல், வண்டி எடுத்துக்கொண்டு தனியாகத் தொண்டிப் பக்கம் போய், நீலக் கேன்களில் கடல் தண்ணீரும் ஒரு சாக்கு நிறையக் கல்லும் கொண்டுவந்து இறக்கினான்.

அப்புறம் ஃபில்டர் பேச்சு ஆரம்பித்தது. கண்ணாடியின் முதுகில் தொங்கவிடும் சின்ன ஃபில்டர் வாங்குவதா, மூடிய டப்பாவுக்குள் பஞ்சு அடைத்த கேனிஸ்டர் வாங்குவதா, இல்லை தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் இன்னொரு தொட்டியே கட்டி, மேலிருந்து வழியும் தண்ணீரை அங்கே வடிகட்டித் திரும்ப மேலேற்றும் 'சம்ப்' போடுவதா என்று, பழனியில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் கௌசல்யாவிடம் அவன் போனில் பேசினான். சாயங்காலம் சாயங்காலம் பேசினான். அடுக்களையில் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டே ஐரின் அந்தக் குரலைக் கேட்டாள். அழுக்கையும் நுரையையும் பற்றிப் பேசுகிறவன் எதற்கு இவ்வளவு இழைய வேண்டும்? எதற்கு அப்படிச் சிரிக்க வேண்டும்? கடைசியில் சம்ப்தான் என்று முடிவாயிற்று. தச்சனை வரவழைத்து அலமாரியை வழக்கத்தைவிட ஆழமாகச் செய்யச் சொன்னான்.

முடியை அவன் முன்னால் நீட்டினாள். "யாரு முடிங்க இது?"

அவன் அதை வாங்கினான். தூக்கி எறிவான் என்று நினைத்தாள். அவனோ ஆட்காட்டி விரலில் மெதுவாகச் சுற்றிக்கொண்டான்.

"கல்லுல இருந்த பாசியா இருக்கும்."

"பாசி எது, முடி எதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

"விடு ஐரினு. இனிமே பைய நானே அலசிக்கிறேன்."

அன்றிலிருந்து அவள் மோப்பம் பிடிக்கத் தொடங்கினாள். துவைக்கப் போட்ட சட்டைகளை முகர்ந்தாள். சென்ட் வாடை இல்லை, பூ வாடை இல்லை. தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் துவட்டாமல் முடிந்துகொண்ட கொண்டையை மறுநாள் அவிழ்த்தால் வருமே, அந்தப் புழுங்கிய வாடை, அதோடு உப்பும் கலந்து, காலரில், கைப்பட்டையில், அவன் தலையணை உறையில் இருந்தது. தன் தலைமுடியை இவனுக்காகக் கொடுத்தவள் அவள். எவளோ ஒருத்தி தன் முடியை இவன் மேல் உலர்த்திக்கொண்டிருக்கிறாள். அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை பொழுது சாயும் நேரம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கூடத்தில் விளக்குப் போடாமல், தொட்டியின் நீல வெளிச்சத்தில் அவளுக்கு முதுகு காட்டி அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். வழிந்து இறங்கும் தண்ணீரின் களகள சத்தம். நுரை பொங்கும் சத்தம். அவற்றுக்கு அடியில் அவன் குரல்.

"சாப்டியா? அம்புட்டையும் சாப்டியா?"

கட்டி வந்த இத்தனை வருடத்தில் அவளை அவன் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. துணிகளை மார்போடு அழுத்திக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். கட்டில் ஓரம் சார்ஜில் கிடந்த அவன் போனைத் தள்ளி வைத்துவிட்டுத் துணி மடித்தாள். கண் எரிந்தது.

மறுநாள் மாதாந்திர மின்தடை. மத்தியானச் சாப்பாட்டை முடித்து அவன் கடைக்குப் போன பிறகு, அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த பழனிக் கடையின் ஸ்டிக்கரைப் பார்த்து எண்ணை அழுத்தினாள். கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.

"சொல்லுங்க," என்றது ஒரு பெண் குரல். பின்னால் கடைச் சத்தம் கேட்டது.

"நான் திண்டுக்கல்லு ரொனால்டு வீட்டுல பேசுறேன். தினமும் சாயங்காலம் எங்க வீட்டுக்காரர்ட்ட அப்படி என்னதாம்மா பேசுவ?"

"ஏனுங்க்கா, அண்ணன் பேசி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுங்களே! ஃபில்டர் விஷயமா ஒருவாட்டி கேட்டாருங்க, அவ்வளவுதான்."

"ஒருவாட்டியா?"

"ஆமாங்க்கா. மொத தொட்டிக்குச் சம்ப் வேண்டாங்க, பின்னாடி தொங்கற ஃபில்டரே போதும்னு நான்தான் சொன்னேன். அதுக்கு அண்ணன், 'இல்லம்மா, அவ அடியில எடம் வேணுங்கிறா'ன்னாரு." கௌசல்யா சிரித்தாள். "நீங்கதான் ஏதோ சாமான் வைக்கக் கேக்கறீங்கன்னு நெனச்சுக்கிட்டேனுங்க்கா."

ஐரின் போனை வைத்தாள். நேற்றுத் துணி மடித்தபோது தள்ளி வைத்த அவன் போன், சார்ஜ் ஒயரோடு, இப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் கூடத்தில் அவன் யாரிடம் பேசிக்கொண்டிருந்தான்?

மின்சாரம் இல்லாததால் ஊரே அடங்கியிருந்தது. ஜன்னல் திரைக்கு வெளியே வெயில் கொதித்தது. இன்வெர்ட்டரில் தொட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேல் தொட்டியில் இருந்த ஆரஞ்சு மீன்கள் இரண்டும் கண்ணாடியின் மூலையில் ஒட்டி, அசையாமல், கீழே அலமாரியின் பக்கம் தலையைக் கவிழ்த்து நின்றன. பயம் வந்தது. பயத்தை முந்திக்கொண்டு அது வந்தது, இத்தனை நாளாக நெஞ்சுக்குள் அரித்துக்கொண்டிருந்த அது. இது என் வீடு. என் புருஷன்.

போய் இன்வெர்ட்டரை அணைத்தாள்.

களகளப்பு நின்றது. நுரைச் சத்தம் நின்றது. குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கித் தீர்ந்தது. பிறகு அலமாரிக்குள் ஏதோ அசைந்தது. மெதுவாக. தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பது போல.

கதவைத் திறந்தாள்.

அடித்தொட்டியில் தண்ணீர் தெரியவில்லை. பை தெரியவில்லை. மோட்டார் தெரியவில்லை. கறுப்பு. விளிம்புவரை கறுப்பு. அது முடி என்று புரிய ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. அதன் நடுவில் ஒரு வகிடு. வெள்ளையாக. நேராக.

வகிடு மேலே எழும்பியது.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் முட்டியது.

வாசலில் வண்டி நின்றது. யாரோ கூப்பிட்டது போல ரொனால்டு ஓடிவந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சுவரோடு ஒட்டி நின்றவளை அவன் பார்க்கவே இல்லை. நேராகப் போய் அலமாரி முன் மண்டியிட்டான்.

"மூச்சு முட்டுதா? செத்த நேரம் பொறு. வந்துட்டேன்ல."

உள்ளிருந்து ஒரு கை வந்தது. நீரில் ஊறி வெளுத்த கை. முழங்கை வந்தது. அதற்கும் அப்பால், இன்னொரு முழங்கை வந்தது. அந்தக் கை அவன் தோளைச் சுற்றி, முதுகைச் சுற்றி, திரும்பவும் வந்து அவன் கன்னத்தைத் தொட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அதில் சாய்த்தான்.

அந்த முகத்தை ஐரின் பார்த்தாள். பயத்துக்குள்ளும் ஒன்று தீயாக எரிந்தது. அவளுக்கு ஒருநாளும் அவன் காட்டாத முகம்.

அவன் தோளுக்கு மேலாக, ஈர முடிக்கு நடுவிலிருந்து, ஒரு கண் திறந்து அவளைப் பார்த்தது. அடிமுதல் முடிவரை, நிதானமாக, இவள் யார் என் வீட்டில் என்பது போல.