வாங்க, சாப்பிடலாம்

அந்த வெட்டவெளியில் ஓர் ஆள் நிற்கிறான் என்பதைவிட, அவன் எங்கிருந்து வந்திருக்க முடியும் என்பதுதான் ஷர்மிளாவை உறுத்தியது. காலையிலிருந்து அவர்கள் வந்த வழியில் ஒரு வீடு இல்லை, ஆட்டுப்பட்டி இல்லை, மின்கம்பம்கூட இல்லை. வானம் தரையைத் தொடும் இடம்வரை காய்ந்த புல்தான். அதன் நடுவே கடுகளவில், கறுப்பாக, ஓர் ஆள்.

கஸகஸ்தானுக்கு விசா வேண்டாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து தேவாவும் சுவேதாவும் அவளை நச்சரித்து, மூன்று பேருமாக லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். மூவருக்கும் அம்பத்தூரில் ஒரே ஆபீஸ். தேவாவும் சுவேதாவும் புருஷன் பெண்டாட்டி, இருவருமே ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். வேன் ஓட்டுவதும் கூடாரம் அடிப்பதும் அவர்கள் பாடு. சமையல் நெமிலிச்சேரி ஷர்மிளாவின் தலையில் விழுந்தது. வாடகை வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, குட்டி கேஸ் அடுப்பில் அவள் கிளறிய எலுமிச்சை சோறும், பெருங்காயம் தூவி வறுத்த உருளைக்கிழங்கும் அந்தக் குளிர்காற்றிலும் கமகமவென்று மணந்தன. மூவரும் தட்டில் போட்டுக்கொண்ட பிறகும் பாத்திரத்தில் பாதிக்கு மேல் இருந்தது.

அந்த ஆள் இவர்களையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றியது. ஒருத்தர் பார்த்திருக்கச் சாப்பிடுவது ஷர்மிளாவுக்கு ஆகாது. யோசிக்காமலே கையைத் தூக்கி, "வாங்க, சாப்பிடலாம்!" என்று கத்திவிட்டாள்.

தேவாவுக்குப் புரையேறியது. "இன்னா ஷர்மி, இம்மாந்தூரம் வந்தும் ஒங்க தெருப் பழக்கம் போவலியா?"

பழக்கம்தான். நெமிலிச்சேரியில் அவள் வீட்டுக் கதவு மத்தியானத்தில் திறந்தேதான் கிடக்கும். தட்டின் முன் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் யார் தலை தெரிந்தாலும், அது கேஸ்காரரோ கேபிள்காரரோ, அவள் அம்மா பேபி "வாங்க, சாப்பிடலாம்" என்பாள். அவர்களும் "ஆச்சும்மா, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். கூப்பிடுவது மரியாதை, வராமலிருப்பது அதைவிடப் பெரிய மரியாதை. இத்தனை வருடத்தில் யாரும் உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை.

இவன் வந்தான்.

ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு நிமிர்ந்தபோது கடுகு ஆளாகியிருந்தது. சுவேதாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பார்த்தபோது, கணுக்கால்வரை தொங்கும் கறுப்புக் கோட்டின் பித்தான்கள் தெரிந்தன. அவ்வளவு தூரத்தை யாரும் அவ்வளவு சீக்கிரம் கடக்க முடியாது. ஆனால் அவன் ஓடவில்லை, சாவகாசமாகத்தான் நடந்துகொண்டிருந்தான். காற்று புல்லையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்து, கூடாரத் துணியைப் படபடவென்று அடித்து, சுவேதாவின் முடியை வாயெல்லாம் அப்பிக்கொண்டிருக்க, அந்தக் கோட்டின் நுனி மட்டும் அசையாமல் தொங்கியது. காலடிச் சத்தமும் இல்லை.

"ஆளு சரியில்ல. கெளம்பலாம்," என்றாள் சுவேதா. தேவா கூடாரத்தைப் பிடுங்கி அப்படியே வேனுக்குள் திணித்தான்.

ஷர்மிளா பாத்திரத்தை மூடி, துண்டால் கட்டி, சீட்டுக்கு அடியில் தள்ளினாள். பயத்தில் செய்தேன் என்று பிற்பாடு எத்தனையோ முறை தனக்கே சொல்லிப் பார்த்தாள். பயந்தவள் மூடியை அவ்வளவு நிதானமாக அழுத்தியிருக்க மாட்டாள். அவனுக்குப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

வேனின் வாசலுக்கு வந்து அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். இலை போடுவதற்கு இடம் செய்வதுபோல் தன் முன்னாலிருந்த மண்ணை உள்ளங்கையால் துடைத்தான். வயது சொல்ல முடியாத முகம். கன்னங்கள் இரண்டும் உள்ளே ஒட்டிக் கிடந்தன. கண்ணைத் தூக்கி அவளைப் பார்த்துக் காத்திருந்தான்.

"தீர்ந்துபோச்சுங்க," என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள் ஷர்மிளா. சிரிக்கவும் சிரித்தாள்.

அவன் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி, சீட்டுக்கு அடியில் போய் நின்றது. அதில் கோபம் ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை, வெட்கத்தில் அவளுக்குக் காது மடல் எரிந்தது. தேவா வண்டியைக் கிளப்பினான். பின்கண்ணாடியில் அந்த ஆள் சின்னதாகி மறையும்வரை, கை மண்மேல் இருக்க, உட்கார்ந்தே இருந்தான்.

"நீயே கூப்ட்டுட்டு நீயே இல்லேன்னுட்டியே," என்று சுவேதா விளையாட்டாகச் சொன்னாள். ஷர்மிளாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று சாயங்காலம் வேறோர் இடத்தில் வண்டியை நிறுத்தியபோது, ஊசிப்போனதென்று சொல்லி அந்தச் சோற்றைப் பள்ளத்தில் கொட்டினாள். நிமிர்ந்தால், வெளியின் கடைசியில் கடுகளவில் கறுப்பு. அதன் பிறகு ஊர் திரும்பும்வரை அவள் பிஸ்கட்டைத் தவிர எதையும் தொடவில்லை.

நெமிலிச்சேரிக்கு வந்து கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. தெருவுக்கே சாக்லேட் கொடுத்தாள், அம்மாவுக்குப் போட்டோக்களைக் காட்டிக் கதை சொன்னாள், அந்த ஒன்றைத் தவிர. பேயைப் பார்த்தேன் என்றுகூடச் சொல்லிவிடலாம். சோற்றை ஒளித்துவைத்தேன் என்று பேபியிடம் எப்படிச் சொல்வது? சின்ன வயதில், அறுப்பு இல்லாத மாதங்களில், அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் கஞ்சிக்குச் சட்டியோடு நின்றவள் அவள்.

வீட்டுக்குப் பின்னால் ரிங் ரோடுவரைக்கும் கல் நட்ட மனைகள்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஷர்மிளா சமையலறை ஜன்னலோரம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கானல் நெளிய மேலே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ரோட்டுக்குக் கீழே, முள்செடிகளுக்கு நடுவே, கறுப்பாகக் கடுகளவில் ஒன்று. அந்த வெயிலிலும் கணுக்கால்வரை கோட்டு.

ஜன்னலைச் சாத்தினாள். போய் வாசல் கதவையும் சாத்தினாள்.

"புழுக்கமா கீது, ஏன்டி எல்லாத்தையும் சாத்தறே?" என்றாள் பேபி.

"தூசி வருதும்மா."

யார் வந்தாலும் சாப்பிடக் கூப்பிடாதே என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். சொல்லவில்லை.

மறுநாள் அப்பாவுக்கு ஞாயிறு டூட்டி. ஷர்மிளா உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கருவாட்டுக் குழம்பின் வாசம் வீடெல்லாம் சுற்றியது, பக்கத்து வீட்டு மிக்ஸி கத்தி ஓய்ந்தது, எங்கோ ஒரு மின்சார ரயில் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. ஹாலில் வாசல் கதவின் கொண்டி விலகும் சத்தம். பிறகு அம்மாவின் குரல், வழக்கம்போல, மலர்ச்சியாக.

"வாங்க, சாப்பிடலாம்."

ஆச்சும்மா என்ற பதிலுக்காக ஷர்மிளா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வரவில்லை.

தரையில் தட்டு வைக்கும் சத்தம் வந்தது.

கருவாட்டு வாசம் போய்விட்டது. காய்ந்த புல்லின் வாசம். குளிர். அறைக்கதவில் பூட்டு கழன்ற ஓட்டை ஒன்று உண்டு. அதில் கண்ணை வைத்தாள்.

பக்கவாட்டில் அவன். சம்மணமிட்டு. தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது. கோட்டு அசையவில்லை. அம்மா மண்டியிட்டுப் பரிமாறினாள். தட்டு காலி. மறுபடி போட்டாள். காலி. கரண்டி பாத்திரத்தின் அடியில் உரசியது. ஒரு பருக்கை இல்லை. ஆனாலும் அள்ளினாள். ஆனாலும் தட்டில் ஏதோ விழுந்தது.

ஒவ்வொரு முறையும் அம்மாவின் கை இளைத்தது.

"ஷர்மி," என்றாள் பேபி, திரும்பாமலே. குரலும் மெலிந்திருந்தது. "நீதான் கூப்ட்டியாமே? எம்மாந்தூரம் நடந்துகினு வந்துகீறாரு, பாவம். கூப்ட்டுட்டு இல்லேன்னு சொல்லலாமாடி? வா. வந்து நீ போடு."

போக வேண்டும். கதவைத் தள்ளிக்கொண்டு போய் அந்தக் கரண்டியை வாங்க வேண்டும். கூப்பிட்டவள் இவள். அம்மா இல்லை. காது மடல் எரிந்தது. கை தாழ்ப்பாளுக்குப் போனது.

நிதானமாக, சத்தம் வராமல், அதைப் போட்டது.

"ஷர்மி..."

கண்ணை ஓட்டையிலிருந்து எடுக்கவும் முடியவில்லை. அம்மா அள்ளிக்கொண்டே இருந்தாள். குச்சியாகிப்போன அந்தக் கையிலிருந்து கண்ணாடி வளையல்கள் விரல்களைத் தாண்டி ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன. அவன் அவற்றைக் கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல் தட்டோரமாக ஒதுக்கிவிட்டு, அடுத்த கவளத்தை உருட்டினான்.