ஊர்ப்பலகைக்குப் பின்னால் ஒரு பெட்டி

பூட்டில் யாரோ புதிதாக எண்ணெய் விட்டிருந்தார்கள்.

அது அவளுக்கு உடனே உறைக்கவில்லை. கணவர் போனதிலிருந்து எதுவுமே உடனே உறைப்பதில்லை. வேலை பார்க்கும் மருந்துக் கடையில் மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்கும்போதுகூட கை வேறு யாருடையதோ போலிருக்கும். கைபேசி வரைபடத்தைப் பார்த்துச் சாலையோரத்தில் ஒளித்த பெட்டியைத் தேடிப் பிடிக்கும் விளையாட்டில் அந்த மனிதருக்கு அப்படியொரு பைத்தியம். பள்ளியில் வரலாறு நடத்தியது போதாதென்று, ஊர் எல்லையில் நிற்கும் வரலாற்றுப் பலகையையே புதிராக்கி, வேலை மெனக்கெட்டு அதன் பின்னால் எண் பூட்டுப் போட்ட தகரப் பெட்டியை வைத்திருந்தார். இனி எவனும் தேடிக்கொண்டு வரவேண்டாம், கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வந்தாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாலத்தின் அடியிலிருந்து, அவருடைய கார் விழுந்த அதே பாலத்தின் அடியிலிருந்து, சேற்று வாடை எழுந்து புல்லோடு புல்லாகப் படர்ந்து வந்தது. அவள் ஓட்டி வந்த காரின் பின்சீட்டில் இருந்தபடியே மகள் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"வெள்ளத்தில் போன ஆலைத் தொழிலாளர்கள் வீடு திரும்பிய ஆண்டு. பிள்ளைகள் இல்லாமல் பள்ளி மூடப்பட்ட ஆண்டு. அம்மா, ரெண்டும் ஒரே வருஷம்."

"அதான் புதிர். அந்த வருஷத்தைத்தான் பூட்டுல திருப்பணும்."

திருப்பினாள். திறந்துகொண்டது.

யார் யாரோ வைத்துவிட்டுப் போன பொம்மைக் கார், பாசிமணி, பம்பரம். அவற்றின் மேல் அவருடைய மூக்குக் கண்ணாடி. உடலைக் கொடுத்த ஆறு கண்ணாடியை மட்டும் கொடுக்கவில்லை. அதன் உடைந்த காலில் அவள் சுற்றிய கறுப்பு நூல்கூட அப்படியே இருந்தது. நீர் சொட்டியது.

யாரோ புண்ணியவான் கண்டெடுத்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்கத்தான் முடிந்தது. எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "நீங்க வந்தா போதும், வேற எதுவும் வேண்டாம்" என்று வாய்விட்டே சொன்னாள். அழுகைதான் வரவில்லை.

"ஒண்ணு எடுத்தா ஒண்ணு வைக்கணும்மா. அப்பா சொல்லுவாங்கல்ல."

"என்கிட்ட வைக்க ஒண்ணுமில்ல கண்ணு."

பெட்டியை மூடினாள். கழற்ற வந்ததையே மறந்து, பழக்க தோஷத்தில் பூட்டை அமுக்கி எண்களையும் கலைத்துவிட்டாள்.

பின்னால் கார்க் கதவு சாத்தப்பட்டது.

"இறங்காதேடி."

சேற்று வாடை இப்போது பக்கத்தில். மிகவும் பக்கத்தில்.

திரும்பினாள். பின்சீட்டில் யாரும் இல்லை. ஓட்டுநர் இருக்கையில் அவர் இருந்தார். பெல்ட் போட்டிருந்தார். தலையிலிருந்து நீர் வழிந்து சட்டையை நனைத்தது. கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார்.

"வா, கிளம்பலாம். நேரமாச்சு."

"குழந்தை எங்கே?"

அவர் யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு கண்ணாடிக்குக் கை நீட்டினார்.

பெட்டிக்குள் தட்டும் சத்தம்.

"அம்மா. இங்க இருட்டா இருக்கு."

வருஷத்தைத் திருப்பினாள். திறக்கவில்லை. மறுபடி. திறக்கவில்லை. மூடி இடுக்கில் கண்ணாடியைத் திணித்தாள். "இந்தா, எடுத்துக்கோ, எனக்கு வேண்டாம், அவளைக் குடு." கண்ணாடி நொறுங்கி விரலைக் கிழித்தது. வலிக்கவில்லை.

தட்டுவது மெதுவானது. உள்ளே எங்கோ தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. இடுக்கு வழியே சேறு கசிந்து அவள் மணிக்கட்டில் இறங்கியது.

கார் ஒலிப்பான் மென்மையாக ஒலித்தது. திரும்பிப் பார்த்தாள்.

அவருடைய சட்டை உலர்ந்திருந்தது.