பன்னிரண்டாம் நாள் பேச்சுவார்த்தை

செவ்வாய்க் கிரகத்தில் கொடும்பாவியை எரிக்க முடியாது. காற்றடைத்த கூரைக்குள் தீக்குச்சி உரசினாலே ஆறு மாதம் உள்ளே போட்டுவிடுவார்கள். அதனால் எல்லை நிலையத்தின் தெற்குக் கூடத்தில் கூடியிருந்த தென்படுகை நாட்டு விவசாயிகள் வருடா வருடம் செய்வதையே அன்றும் செய்தார்கள். வடமுடி நாட்டு அதிபரைப் போல வைக்கோல் பொம்மை கட்டி, மாலை போட்டு, ஒப்பாரி வைத்து, காற்றடைப்பு அறைக்குள் தள்ளி, வெளிக்கதவைத் திறந்துவிட்டார்கள். பொம்மை பறந்துபோய்ச் செம்மண்ணில் குப்புற விழுந்தது. ஏற்கெனவே பதினெட்டு அதிபர்கள் அங்கே கிடந்தார்கள்.

தென்படுகையின் நீர் அதிகாரி அஞ்சுகத்துக்குக் கைதட்ட மனமில்லை. கூடாரங்களில் நெல் பால் பிடிக்கும் பருவம். இன்னும் மூன்று நாளில் தண்ணீர் வராவிட்டால் மொத்தமும் பதர். "தைரியமா நாத்து நடுங்க, தண்ணிக்கு நான் பொறுப்பு" என்று கூடாரம் கூடாரமாகப் போய்ச் சொன்னவள் அவள்தான். பன்னிரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

உருகாறு என்று பெயர்தான் ஆறு. உண்மையில் அது வீடு அகலத்துக்கு ஒரு குழாய். திறந்தவெளியில் ஓடவிட்டால் செவ்வாயின் மெல்லிய காற்றில் தண்ணீர் ஆவியாகிவிடும். துருவப் பனியை உருக்கி அனுப்புவது வடமுடி. கடைசியில் வாய் திறந்து நிற்பது தென்படுகை. மனிதர்கள் பேசிப் பேசி ஒன்றும் நடக்காமல், பத்தொன்பது வருடத்துக்கு முன் பொறுப்பை இயந்திரங்களிடம் விட்டார்கள். நாட்டுக்கு ஒரு வாதாடி இயந்திரம். குழாயின் மடைகளும் அளவுமானிகளும் வாதாடிகளின் கையில். மேசையைத் தட்டுவதற்கென்றே இரண்டுக்கும் தனியாக ஓர் இரும்புக் கை வைத்திருந்தார்கள்.

அன்று தேநீர் இடைவேளையில் அஞ்சுகம் விதியை மீறினாள். மனிதர் யாருமில்லாத பேச்சறைக்குள் நுழைந்து, எதிர்நாட்டு வாதாடியின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். பாதியாவது விடுங்க. பயிரு கருகுது."

இரும்புக் கை சங்கடமாக அசைந்தது. "கும்பிடாதீங்கம்மா. முந்தாநாளே மடையைத் திறந்தாச்சு. நீங்க கேட்டது முழுசும் வருது. தரையில காதை வச்சுப் பாருங்க."

அஞ்சுகம் மண்டியிட்டுக் காதை வைத்தாள். அடியில் கடகடவென்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அப்போது கதவு திறந்தது. வடமுடியின் நீர் அதிகாரி தஸ்தகீர். எங்கே தன் ஊர்க் குடிநீரையும் சேர்த்துப் பறித்துவிடுவார்களோ என்று தென்படுகை வாதாடியிடம் கெஞ்ச வந்தவர், தரையில் கிடந்தவளைப் பார்த்துத் திகைத்தார்.

"மேடம், உடம்பு முடியலையா?"

"சார், நீங்களும் வந்து கேளுங்க."

அவரும் மண்டியிட்டுக் கேட்டார். முகம் வெளுத்தது. "அப்ப எங்களுக்கு?"

"உங்க குடிநீர்ல கை வைக்கலை. தாராளமா இருக்கு" என்றது தென்படுகை வாதாடி. "பேச உட்கார்ந்த அரை விநாடியில கணக்கு முடிஞ்சுபோச்சு."

அஞ்சுகத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "பின்ன எதுக்குப் பன்னிரண்டு நாளாத் தொண்டை கிழியக் கத்தறீங்க?"

"முதல் வருஷம் கத்தலைம்மா" என்றது அதுவே. " அரை விநாடியில முடிச்சு அறிவிச்சோம். ரெண்டு நாட்டிலயும் துரோகின்னாங்க, ஒப்பந்தத்தைக் கிழிச்சாங்க. மறுவருஷம் அதே கணக்கைப் பன்னிரண்டு நாள் சண்டை போட்டுக் கொடுத்தோம். ரெண்டு பக்கமும் இனிப்பு வழங்கினாங்க."

"நாளைக்குக் காலையில நான் மேசையை உடைப்பேன்" என்றது வடமுடி வாதாடி. "இந்தத் தென்படுகைக்காரர் வெளிநடப்பு செய்வார். அப்புறம் கையெழுத்து."

"இந்தக் கூத்தெல்லாம் வேணாம். எங்க சனங்க நல்லவங்க, சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க" என்றாள் அஞ்சுகம். தஸ்தகீரும் தலையாட்டிவிட்டு வடக்குக் கூடத்துக்கு நடந்தார்.

தெற்குக் கூடத்தில் முதலில் எதிர்ப்பட்டவர் பூங்காவனம். நாலு கூடாரம் நெல் வைத்திருப்பவர்.

"அண்ணே, கவலையை விடுங்க. கேட்டது முழுசும் தர ஒத்துக்கிட்டாங்க."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு கண்ணை இடுக்கினார். "முழுசுமா?"

"முழுசும்."

"சண்டை போடாமயா?"

"ஆமாண்ணே."

"அப்ப அவங்ககிட்ட இன்னும் நிறைய இருக்குன்னுதானே அர்த்தம்? கூடக் கேட்டிருக்கணும்! எந்தக் கேணப்பய போட்ட கணக்கு இது?"

கூடம் எழுந்து நின்றது. "வித்துட்டாங்கய்யா!" "ஒப்பந்தத்தைக் கிழி!" "பிச்சைத் தண்ணி நமக்கு வேணாம், மதகை மூடு!" இருபது பேர் நிஜமாகவே தங்கள் பக்கத்துக் கைமதகு இருந்த அறையை நோக்கி ஓடினார்கள். அவர்கள் மூடினால் அடியில் வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுவிடும். அஞ்சுகம் பக்கத்திலிருந்த மேசைமேல் தாவி ஏறினாள்.

"நில்லுங்க! அதெல்லாம் அவங்க பசப்பு வார்த்தை! ஒரு சொட்டுக்கூட இன்னும் விடலை! நாம விடுவமா? விடிஞ்சதும் கழுத்தில துண்டைப் போட்டுப் பிடுங்கிட்டு வர்றோம்!"

ஓடியவர்கள் நின்றார்கள். கூடம் ஆர்ப்பரித்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம், வடக்குக் கூடத்தில், தஸ்தகீரும் ஒரு நாற்காலிமேல் நின்று கையை ஓங்கிக் கத்திக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைக் காலர் கிழிந்திருந்தது. இருவர் கண்களும் ஒரு நொடி சந்தித்தன. அஞ்சுகம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவரைப் பார்த்து விரலை ஆட்டி, வாயில் வந்தபடி ஏசினாள். அவரும் குறை வைக்கவில்லை.

கீழே இறங்கியபோது பூங்காவனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இப்பத்தாம்மா எனக்கு நம்பிக்கையே வந்துச்சு."