பச்சைப் பை

மின்வயரைப் பிடுங்கித் தரையில் போட்டாகிவிட்டது. ஆனாலும் கணினிக்குள் இருந்த பெரிய விசிறி நிற்கவில்லை. யாரோ விரலால் தள்ளிவிடுவதுபோல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

மேய்-யின் அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள். ஜன்னல் காற்று, வேறென்ன என்று சொல்லிக்கொண்டாள். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. தைப்பேயில் விடாத மழை. பட்டப்பகலிலேயே வீடு இருண்டு, காயாத துணியின் வாடையும் எதிர்வீட்டு ஊதுபத்தி மணமும் கலந்து கிடந்தன.

பழைய சாமான் கடை லியாவிடம் மலிவாக வாங்கிய கணினி அது. "இந்தக் கூலரைப் பாத்தீங்களாக்கா? இதுல சோறே ஆக்கலாம்" என்று அவன் சிரித்திருந்தான். உண்மைதான். ப்ராசஸரின் சூட்டைத் தணிக்க அதன்மேல் குக்கர் பருமனில் தகடு தகடாக உட்கார்ந்திருந்த அந்தக் கூலர், ராம் என்ற நினைவகப் பட்டையைச் செருகும் இடத்தையும் பாதி மறைத்துக்கொண்டது. ஒரு கல்யாண வீடியோவை நாளைக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும்; மெஷினோ நொடிக்கொரு தரம் உறைந்து நிற்கிறது. புதிதாக வாங்கிய இரண்டு ராமையும் போட்டால்தான் ஓடும். இந்த வேலையும் கைநழுவினால் மகள் ஆன்-ச்சியை அவள் அப்பன் வீட்டுக்கே அனுப்ப நேரும்.

கணினியின் தலையில் வாங்கும்போதே பச்சை நிற நொறுக்குத்தீனிப் பை இருந்தது. இந்த ஊரில் எல்லா அலுவலகத்திலும் இருக்குமே, மெஷின் சமர்த்தாக நடந்துகொள்வதற்கு வைக்கும் பை. பச்சைதான் வேண்டும், மஞ்சள் ஆகவே ஆகாது. தேதி முடியக் கூடாது. யாரும் தின்னக் கூடாது. கணினியை முன்பு வைத்திருந்தவர் ஒன்றோடு விடாமல், பைமேல் பையாக அடுக்கி நாடாவால் இறுக்கிச் சுற்றியிருந்தார். எல்லாமே தேதி முடிந்தவை என்று மேய்-யின்தான் பிய்த்தெடுத்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆன்-ச்சி ஒன்றைப் பிரித்து மென்றுகொண்டிருந்தாள்.

"அடி பிசாசே, துப்புடி! கெட்டுப்போனதைத் திங்கிறியே!"

"நல்லாத்தான்மா இருக்கு. தேங்கா வாசனை."

"மெஷின் அடம் பிடிச்சா உன்னைத்தான் உதைப்பேன். ஓடு, கீழ்க்கடையில புதுசு வாங்கிட்டு வா. பச்சை!"

மகள் படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மேய்-யின் குனிந்தாள். முதல் ராம் சுலபமாக உட்கார்ந்தது. இரண்டாவதற்கான இடம் கூலரின் அடியில் இருந்தது. விரல் நுழையவில்லை. தகட்டு விளிம்பு விரல்மூட்டைச் சீவியது, ரத்தம் துளிர்த்தது. உள்ளிருந்து வெதுவெதுப்பாக ஏதோ முகத்தில் பட்டது. தேங்காய் வாசனை.

விசிறி மறுபடி சுற்றியது.

ஈரக் காலடிபோல் ஒரு சத்தம் கேட்டது. ஒரு சின்னக் கை அவள் விரலிலிருந்து ராமை வாங்கிக்கொண்டது.

"நான் போடறேன்மா. என் கை சின்னது."

"ம்" என்றாள், டார்ச்சைக் கடித்தபடியே. போனவள் அதற்குள் வந்துவிட்டாளே என்று நிம்மதியாக இருந்தது. அந்தக் கை கூலரின் அடியில் வழுக்கிக்கொண்டு போனது. க்ளிக். போன கை திரும்பி வந்து அவள் சுட்டுவிரலைப் பற்றிக்கொண்டது. சில்லென்றிருந்தது. பாவம், குழந்தை மழையில் நனைந்திருக்கிறது.

வாசல் கதவு திறந்தது.

"அம்மா! பச்சை தீந்துபோச்சாம். மஞ்சள்தான் இருந்துச்சு."

டார்ச் வாயிலிருந்து விழுந்து உருண்டது. வெளிச்சம் கூலரின்மேல் நின்றது.

அவள் விரலைப் பிடித்திருந்த கைக்குப் பின்னால் யாரும் இல்லை. அது தகடுகளுக்கு நடுவிலிருந்து வந்திருந்தது.

ஆன்-ச்சி பையை ஆட்டிக்கொண்டே மேசையருகில் வந்துவிட்டாள். வராதே என்று கத்த மேய்-யின் வாயெடுத்தாள்.

கை அவள் விரலை விட்டது. நீண்டது. முழங்கை வந்தது. அதற்குப் பின் இன்னொரு முழங்கை.

"இது யாரும்மா?" என்று சிரித்தபடி ஆன்-ச்சி மஞ்சள் பையை நீட்டினாள்.

அது பையைத் தொடவில்லை. ஆன்-ச்சியின் மணிக்கட்டைப் பிடித்தது.