பூவரசு மேடை

தயவுபுரத்துக் கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும் இடத்திலேயே வியர்வையையும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வெளியே ஐம்பத்திரண்டு பாகை வெயில். வீட்டிலிருந்து நடந்து வருவதற்குள் வியர்வைச் சட்டையின் இடுப்புப் பையில் அரை டம்ளர் சேர்ந்துவிடும். உப்பைப் பிரித்து நல்ல தண்ணீராக்கும் வேலையைச் சட்டையே பார்த்துக்கொள்ளும். கோயிலைக் கூட்டிப் பெருக்கும் ஜெபக்கனி அதைக் குடத்தில் வாங்கிக்கொள்வாள். அந்த ஊரில் காணிக்கை என்றால் அதுதான். கஞ்சர்கள் விடிவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு. அவர்களுக்கு வியர்ப்பதில்லை.

குடத்துத் தண்ணீர் முழுவதையும் அவள் தினமும் கொஞ்சமாகக் கோயில் முற்றத்தில் நின்ற பூவரசுக்கு விடுவாள். சுற்றுவட்டாரத்தில் நாற்பது கிலோமீட்டருக்கு வேறு மரம் கிடையாது.

சட்டம் எளிமையானது. ஓர் ஊர் ஒரு மரத்தைப் பத்து வருடம் உயிரோடு வைத்துக் காட்டினால் அதற்கு மேல்நில உரிமை கிடைக்கும். கீழ்நகரத்துக்குப் போன சொந்தங்களையும் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். மரம் பட்டுப்போனால் ஊரே கீழே இறங்க வேண்டியதுதான். கீழ்நகரம் தரைக்கடியில் ஒன்பது அடுக்கு. குளிர்ச்சிக்கும் சோற்றுக்கும் அங்கே குறைவில்லை, வானம்தான் இல்லை.

ஜெபக்கனியின் மகள் பெனினாள் ஆறு வருடத்துக்கு முன் பிரசவத்துக்காகக் கீழே போனவள். மருத்துவமனை அங்கேதான் இருந்தது. போனவர்கள் உரிமை வரும்வரை மேலே வரக்கூடாது. பேத்தியை ஜெபக்கனி இன்னும் தொட்டுப் பார்த்ததில்லை. சுவர்த்திரையில் பார்த்ததோடு சரி. வானத்தை வரையச் சொன்னால் அந்தப் பிள்ளை நான்கு மூலையிலும் விளக்குப் போட்டு வரைந்தது. அன்றைக்கு ஜெபக்கனி திரையை அணைத்துவிட்டு அழுதாள்.

படைப்பைக் காப்பதும் விசுவாசம்தான் என்று சொல்லி, திருச்சபைத் தலைமையான பேராயம் ஒவ்வொரு சபைக்கும் ஒரு வேர்க்காவலனை அனுப்பியிருந்தது. முழங்கால் உயரம், ஆறு கால்கள். கால்களை மண்ணில் இறக்கி வேரின் மூச்சைக் கேட்கும் இயந்திரம். கோயிலின் போதகர் ஆசீர் ஐயரும் பிரசங்கத்தில் குறை வைக்கவில்லை. ஆதாமுக்குக் கடவுள் கொடுத்த முதல் உத்தியோகம் தோட்ட வேலை என்று அவர் சொல்லும்போது சபையே தலையாட்டும். மனிதர் நல்லவர், யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார், அவ்வளவுதான்.

பத்து வருடம் நிறைய இரண்டு மாதம் இருக்கையில் கமிட்டி கூடியது. இவ்வளவு பெரிய கிருபையைச் சும்மா விட்டுவிட முடியுமா? மரத்தைச் சுற்றி வட்டமாகக் கருங்கல் மேடை கட்டுவது, அதில் மரத்தைக் காத்தவர்களின் பெயர்களைப் பொறிப்பது என்று செயலாளர் தவசிமுத்து முன்மொழிந்தார். மேடை அடிமரத்தை ஒட்டியே வர வேண்டும்; இடைவெளி விட்டால் பார்க்க நன்றாயிருக்காதாம். நூறு வருடமானாலும், பூமியே வெந்தாலும், நம் ஆட்களுக்குக் கல்வெட்டு இல்லாமல் ஒரு காரியம் முடிந்ததாகாது.

வேர்க்காவலன் கூட்டத்திலேயே எச்சரித்தது. வேருக்கும் மூச்சு வேண்டும், கல் போட்டு மூடினால் இந்த வெயிலில் மரம் ஆறு வாரம்கூடத் தாங்காது என்றது. இரும்புக்குப் பக்தியைப் பற்றி என்ன தெரியும் என்று யாரோ சிரித்தார்கள். ஆனால் இயந்திரத்துக்கு ஓர் அதிகாரம் இருந்தது. தினமும் மரத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் அதன் முதுகில் கைரேகை வைத்தால் போதும், எந்த வேலையையும் அது நிறுத்திவிடும்.

ஜெபக்கனி எழுந்தாள். முப்பது வருடத்தில் கமிட்டி முன்னால் அவள் வாய் திறந்தது அன்றுதான்.

"வேண்டாம்யா. மரம் செத்துட்டுன்னா எம்மவ மேல வரவே முடியாதுய்யா."

தவசிமுத்து கோபப்படவில்லை. கல்லில் வரப்போகும் பெயர்ப் பட்டியலை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

"கோவப்படாத தாயி. இங்க பாரு, ஒம் பேரும் இருக்கு. நாப்பத்தியொண்ணாவது பேரு. 'பராமரிப்பு, திருமதி ஜெபக்கனி'. பெனினா வந்ததும் பேத்திய கூட்டிட்டு வந்து காட்டுவல்லா?"

ஞானஸ்நானப் பதிவேட்டைத் தவிர அவள் பெயர் எங்கேயும் எழுதப்பட்டதில்லை. அதுவும் திருமதி என்று. பேத்தி கல்லில் விரல் வைத்து எழுத்துக் கூட்டுவதை நினைத்துப் பார்த்தாள். வேர்க்காவலன் அவள் காலடியில் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

யார் பெயர் மேலே வருவது என்பதில் ஒரு வாரம் போனது. மேடையைக் கட்ட மூன்று நாள்தான் ஆனது. திறப்பு விழாவில் ஆசீர் ஐயர் ரிப்பன் வெட்டினார். எல்லாரும் அவரவர் பெயர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஜெபக்கனியும் எடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

இரண்டாம் வாரத்தில் இலை பழுத்தது. பருவம் மாறுகிறது என்றார்கள். மூன்றாம் வாரத்தில் கிளைகள் மொட்டையாயின. சபை மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தது. உண்மையாகவே கண்ணீர் விட்டுத்தான் ஜெபித்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஜெபக்கனி மட்டும் ஐயரைத் தனியாகப் பார்த்து, மேடையைப் பெயர்த்துவிடலாமா என்று கேட்டாள். அவர் ஜன்னல் வழியே மேடையை எட்டிப் பார்த்தார்.

"பேரு வெட்டுன கல்லும்மா. ஒடச்சா எத்தன பேரு மனசு சங்கடப்படும்?"

பத்து வருடம் நிறைய ஒன்பது நாள் இருக்கையில், அடிமரத்தில் வேர்க்காவலன் காதை வைத்துப் பார்த்துவிட்டு ஆறு கால்களையும் மடக்கிக்கொண்டது.

குறித்த நாளில் அரசின் ஆய்வுக்கருவி பறந்து வந்து இறங்கியது. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. உயிர் இல்லை என்று பதிந்துகொண்டு, முப்பது நாளில் ஊர் கீழே இறங்க வேண்டும் என அறிவித்தது. பெண்கள் வாயில் முந்தானையை வைத்து அழுதார்கள். தரையைத் தொட்டுக் கும்பிட்டார் ஒரு கிழவர். ஜெபக்கனிக்கு அழுகைகூட வரவில்லை. இனி மகளைப் பார்க்கலாம், ஆனால் வானத்தைப் பேத்திக்கு ஒருநாளும் காட்ட முடியாது.

படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் பாக்கியிருந்தது. மரத்தின் சாவுக்குப் பொறுப்பானவர்கள் யார் என்று கருவி கேட்டது. எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். இரண்டாம் முறை கேட்டது. இன்னும் ஓரடி நகர்ந்தார்கள். கருவி விளக்கைத் தாழ்த்தி மேடையைப் பார்த்தது. வேரை மூடியது எது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. கல்லில் இருந்த பெயர்களைப் பட்டத்தோடும் பதவியோடும் உரக்க வாசித்து, ஒவ்வொன்றாகப் படிவத்தில் ஏற்றத் தொடங்கியது.

எட்டாவது பெயரில் தவசிமுத்து தொண்டையைக் கனைத்தார். தன் எம்.ஏ. பட்டத்தை விட்டுவிட்டதாகச் சுட்டிக்காட்டினார். கருவி திருத்திக்கொண்டது. அதன்பிறகு மற்றவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

நாற்பதாவது பெயரோடு கருவி சற்று நின்றது. தன் பெயர் விட்டுப்போய்விட்டதோ என்று ஜெபக்கனி ஓரடி முன்னால் வந்தாள்.

"பராமரிப்பு, திருமதி ஜெபக்கனி" என்றது கருவி.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.