ஞானாம்பாள் ஆஜர்

லாரி நின்ற இடத்திலிருந்து கடல் தெரியவில்லை. கருவாட்டு வாடை மட்டும் வந்தது.

கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு பழைய அவுரிக் கிடங்கு. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என நீண்ட இரண்டு கொட்டகைகள், நடுவில் முள்கம்பி. சுவர்க் காரை இன்னும் நீலம் பாரித்துக் கிடந்தது. ரங்கூனில் கடைகளைப் பிடுங்கிக்கொண்டு தமிழர்களைக் கப்பலேற்றிய வருடம் அது, அறுபத்து நான்கு. வந்தவர்களில் காகிதம் சரியில்லாதவர்களை இங்கே அடைத்துவைத்தார்கள். சொந்த ஊரிலிருந்து யாராவது வந்து அடையாளம் சொன்னால்தான் விடுதலை.

இறங்குவதற்கு முன் தேவநாதன் மனைவியின் காதருகே குனிந்தான்.

"உள்ள பேரு கேப்பாங்க. ஞானாம்பாள்னு சொல்லு."

மலர்க்கொடி அவனைப் பார்த்தாள்.

"ஒங்கம்மா பர்மாக்காரி. ஒன் பேருக்கு இங்க ஒரு துண்டுக் காகிதம் கெடையாது. ஒன்ன மட்டும் திருப்பி அனுப்பிடுவாங்க. அவ பேரு எங்கண்ணன் வூட்டு ரேஷன் கார்டுல இருக்கு."

"செத்தவ பேரா?"

"சக்கரைக்காக எடுக்காம வச்சிருக்காங்க. மெதுவா பேசு."

ஞானாம்பாள் அவனுடைய மூத்த மனைவி. அவளைக் கீரப்பாளையத்தில் விட்டுவிட்டுப் பர்மா போனவன், அங்கே மலர்க்கொடியைக் கட்டிக்கொண்டான். செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த நடவில், நாற்றுமுடி கையிலிருக்க, ஞானாம்பாள் வயலிலேயே விழுந்து செத்தாள் என்று கடிதம் வந்தது. தேவநாதன் அன்று ஒரு வேளை சாப்பிடவில்லை.

அந்த ஒரு வேளையை மலர்க்கொடி இன்னும் மறக்கவில்லை.

முகாமில் காலையும் மாலையும் ஆஜர் எடுப்பார்கள். எழுத்தர் கொளஞ்சியப்பன் மேஜையைக் கொட்டகை வாசலில் போட்டு உட்காருவார். பெண்களைப் புருஷன் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவார். பதில் சொல்லாதவர்களுக்கு அந்த வேளைச் சோறு கிடையாது.

"தேவநாதன் சம்சாரம், ஞானாம்பாள்."

"இருக்கேன்" என்றாள் மலர்க்கொடி.

பிறர் எச்சில் தட்டில் சாப்பிட்டது போலிருந்தது.

நாட்கள் வரிசையில் நிற்பதில் போயின. தண்ணீருக்கு வரிசை, கஞ்சிக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை. பெண்கள் முறை வைத்துச் சமைத்தார்கள். மாலையில் ஆஜருக்கு முன் கொஞ்ச நேரம் கம்பியருகே நின்று புருஷனோடு பேசலாம். அக்கம்பக்கம் ஆள் நிற்கும். அதனால் தேவநாதன் அவளை ஞானாம்பா என்றே கூப்பிட்டான். முதலில் நாக்கு தடுக்கியது. பிறகு சரளமாக வந்தது. ஒரு நாள் பக்கத்தில் யாருமே இல்லாதபோதும் அப்படியே கூப்பிட்டான்.

குரல் இளகியிருந்தது. ரங்கூனில் அவளை அவன் ஒருநாளும் அந்தக் குரலில் கூப்பிட்டதில்லை.

உயிரோடிருந்தவளிடமிருந்து புருஷனை எடுத்தோம், செத்தவளிடமிருந்து பெயரையும் எடுத்தோம் என்று மலர்க்கொடிக்குத் தோன்றவில்லை. தன்னிடமிருந்துதான் ஒவ்வொன்றாக எடுக்கப்படுவதாகத் தோன்றியது.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பாயில் சுருண்டு கிடந்த அன்று அவளுடைய சமையல் முறை. எழுந்து போக முடியவில்லை. மதியம் தாண்டி அஜீசுன்னிசா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பரங்கிப்பேட்டைக்காரி. அடுத்த பாய் அவளுடையது.

"நெருப்பா கொதிக்குது. இத வச்சிக்கிட்டா அம்மாம் பேருக்கு ஆக்கிப் போட்ட?"

"நான் எங்கக்கா ஆக்கினேன்? காலயிலேர்ந்து படுத்துக் கெடக்கேன்."

"சும்மா இரு புள்ள. அடுப்பண்ட நின்னியே. கூப்புட்டேன், திரும்பல. பெரிய ரங்கூன் ராணின்னு நெனச்சிக்கிட்டேன்." அவள் சிரித்தாள். "மெட்டி எப்பப் போட்ட? கப்பல்ல ஏறச்சொல்லவே தாலி மொதக்கொண்டு புடுங்கிட்டாங்கன்னு சொன்ன?"

மலர்க்கொடி போர்வையை விலக்கித் தன் கால்களைப் பார்த்தாள். மெட்டி இல்லை.

மாலையில் கம்பியருகே தேவநாதன் உதட்டை நக்கிக்கொண்டான்.

"இன்னிக்கி கொழம்பு அப்படியே ஊரு ருசி. கருவாடும் மொச்சையும் போட்டு. ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

எதிரில் நின்றவனைவிட, அவன் வயிற்றுக்குள் போயிருந்த சோற்றின் மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

திரும்பி நடந்தபோது சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள் கிடந்தன. கறுப்புச் சேறு. இந்த மணல்காட்டில் எங்கும் இல்லாத சேறு. குனிந்து முகர்ந்தாள். உழுது தண்ணீர் கட்டிய வயலின் வாசனை. இரண்டாம் விரலருகே மெட்டி அழுத்திய வளையம்.

காலடிகள் சமையல் கொட்டகையிலிருந்து வந்து, அவளுடைய பாயில் முடிந்திருந்தன.

மறுநாள் ஆஜர்.

"தேவநாதன் சம்சாரம், ஞானாம்பாள்."

"இருக்கேன்."

மலர்க்கொடி அப்போதுதான் வாய் திறந்திருந்தாள்.

"இருக்கேன்" என்றாள் அவசரமாக.

கொளஞ்சியப்பன் நிமிரவில்லை. "ஒரு தரம் சொன்னா போதும்மா."

அன்றிலிருந்து அது ஒரு போட்டியானது. எழுத்தர் பெயரை முடிப்பதற்குள் மலர்க்கொடி கத்துவாள். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். முந்திக்கொண்ட நாளில் தோளுக்குப் பின்னால் குளிர்ந்த மூச்சு ஒன்று படும். பிந்திய நாளில் தட்டில் சோறு குறைவாக விழும்.

கார்த்திகை பிறந்ததும் அண்ணன் சபாபதி கீரப்பாளையத்திலிருந்து வந்தார். ரேஷன் கார்டை மடியில் கட்டியிருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று தம்பி ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். மலர்க்கொடியைக் கேட் அருகே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"இவுங்கதான் ஒங்க தம்பி சம்சாரமா?" என்று எழுத்தர் கேட்டார்.

சபாபதி அவளைப் பார்த்தார். பிறகு அவளுடைய தோளுக்கு மேலே பார்த்தார். அவர் வாய் கோணியது.

"ஆமாங்க" என்றார். "எங்க ஞானாம்பாதான்."

முகாம் ஆட்கள் அவரிடம் தேநீர் வாங்கித் தரச் சொன்னார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சிதம்பரம் பஸ்ஸுக்கு நடந்தார்.

விடுதலை உத்தரவு வந்தது. வெளியேறுவதற்கு முதல் நாள் மாலை மலர்க்கொடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் பேரச் சொல்லுங்க."

"பைத்தியமா ஒனக்கு? நாளைக்கு வெளிய போப்போறோம்."

"மெதுவா ஒரு தரம். யாரும் இல்ல."

தேவநாதன் வாயைத் திறந்தான். நெற்றியைத் தேய்த்தான். எதையோ எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுபவன் போல நின்றான்.

"இந்தப் பேரு வாயில பழகிடுச்சு" என்றான் கடைசியில். "வூட்டுக்குப் போயி பாத்துக்கலாம், ஞானாம்பா."

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையில் ரத்தம் துளிர்த்திருந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் கேட் திறந்தது. தேவநாதன் தகரப்பெட்டியோடு முன்னால் நின்றான். மலர்க்கொடி மூட்டையோடு பெண்கள் வரிசையில் நின்றாள். காவலர் சிங்காரம் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டியலைப் படித்தார்.

"தேவநாதன்."

"இருக்கேன்."

"சம்சாரம், ஞானாம்பாள்."

மலர்க்கொடி பேசவில்லை.

ஒரு மூச்சு நேரம்தான். அவன் திரும்பிப் பார்க்கட்டும் என்றுதான். அந்தப் பெயர் இல்லாமல் தன் முகத்தை ஒருமுறை தேடட்டும்.

அவன் திரும்பவில்லை.

"இருக்கேன்."

குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. சேற்று வாசனை அவளை இடித்துக்கொண்டு கடந்து போனது. மெட்டி சிமெண்டில் தட்டியது.

தேவநாதன் பார்க்காமலேயே கையைப் பின்னால் நீட்டினான். அந்தக் கையை ஒரு கை பிடித்துக்கொண்டது.

மலர்க்கொடி ஓடினாள். சிங்காரம் தடியைக் குறுக்கே நீட்டினார்.

"நீ எங்க போற?"

"நான் அவுரு சம்சாரம்."

"சம்சாரம் அதோ போவுது பாரு."

பாதையில் இருவர் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் தலையில் பெட்டி. அவள் புடவையை நடவுக்குச் செருகுவது போல முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். நடந்த இடத்தில் மணல் ஈரமானது.

மலர்க்கொடி புருஷன் பெயரை வாயால் சொன்னதே இல்லை. அன்று சொன்னாள்.

"தேவநாதா."

அவன் திரும்பினான். கம்பிக்குள் யாரோ கத்துவதைப் பார்ப்பது போலப் பார்த்தான். பக்கத்திலிருந்தவள் அவன் முழங்கையைத் தொட்டாள். நடந்தார்கள்.

அன்று மாலை ஆஜரில் அவளுக்கு எந்தப் பெயரும் வரவில்லை. தட்டும் வரவில்லை. அஜீசுன்னிசா தன் சோற்றில் பாதியை ஒதுக்கி நகர்த்தினாள்.

"அல்லா மேல ஆணையா எனக்கு ஒண்ணும் புரியல. வெளிய போனவளும் ஒன் மாதிரிதான் இருந்தா. நீதான் ஞானாம்பாள்னா, அவ யாரு? அவதான் ஞானாம்பாள்னா, ஒன் பேரு என்னா புள்ள?"

மலர்க்கொடி வாய் திறந்தாள். சொன்னால் பர்மாவுக்குக் கப்பலேற்றுவார்கள். சொல்லாவிட்டால் சோறில்லை. அவள் சோற்றைப் பிசைந்தாள். முகாமில் அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவனும் மறந்துவிட்டான்.

காலையில் கொளஞ்சியப்பன் மேஜையைப் போட்டு உட்கார்ந்தார். எல்லோரையும் கூப்பிட்டார். கடைசியில் ஒரு பெயர்.

"மலர்க்கொடி."

அவள் வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"மலர்க்கொடி. தாய் பர்மாக்காரி. ஆதரவு யாரும் இல்லை. திருப்பி அனுப்ப வேண்டியது. யாரும்மா அது?"

"இந்தப் பேர ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"நேத்து கேட்ட தாண்டிப் போன அந்தம்மா ராத்திரி திரும்பி வந்துது. உள்ள ஒருத்தி நிக்கிறா, பேரில்லாம பட்டினி கெடப்பா, எழுதிக்குங்கன்னு சொல்லிச்சு. நல்ல மனசு." அவர் பேனாவை உதறினார். "இருக்கியா, இல்லியா?"

அவள் மேஜையைப் பார்த்தாள். அவர் முழங்கை ஊன்றியிருந்த ஓரத்தில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன. கறுப்புச் சேறு.

"இருக்கேன்" என்றாள்.

ஓர் இரவு கடந்திருந்தது. சேறு இன்னும் காயவில்லை.